அறுபதுக்குப் பிறகு ஒரு படிப்பில் சேர: காது மருத்துவரிலிருந்து தேர்வு அறை வரை

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். தாய்ப் பத்திரத்தில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால், "சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அறுபத்தைந்து வயதில் எம்.ஏ. வரலாறு படிக்க விண்ணப்பம் போட்டபோது அதே காரணத்துக்காக நானும் மாட்டிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

படிக்கும் யோசனை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மறதி எட்டிப்பார்த்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தெரிந்தவர் பெயர் தொண்டையிலேயே நின்றது. மகள் சொன்னபடி தினமும் சுடோகு போட்டேன். ஆறு மாதத்தில் சுடோகு பிரமாதமாக வந்தது, பால் மட்டும் பொங்கிக்கொண்டே இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு கெடு என்று பிறகு புரிந்தது. குறிப்பிட்ட தேதியில் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும், முன்பின் தெரியாத யாரோ அதைத் திருத்துவார் என்ற பயம் வேண்டியிருந்தது. அந்தப் பயம் வந்த பிறகுதான் காலையில் எழுந்ததும் மூளைக்கு ஒரு வேலை இருந்தது.

படிப்பில் பட்ட பாடு கொஞ்சம். அதில் போய்ச் சேருவதற்குள் பட்ட பாடு அதிகம். அதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. முதலில் காது, கண், ரத்தம்

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாம் மறதி என்று நினைப்பதில் ஒரு பங்கு, சொன்னது காதிலேயே விழாதது. என் வலது காதிலிருந்து கடலைப் பருப்பு அளவுக்கு அழுக்கை எடுத்தார்கள். வாசலுக்கு வந்தபோது ஆட்டோ ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன். பல மாதங்களாக அந்தச் சத்தத்தில் பாதிதான் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது.

லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு வழிவிடும், நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு, தனிமை ஆகிய மூன்றும் அதில் உண்டு. காது மெஷின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத மூத்த குடிமக்களுக்கு, மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கும்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அது குறைந்தாலே மறதி வரும், கொடுத்தால் சரியாகவும் கூடும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் நீங்களே வாங்கிப் போடும் சில மாத்திரைகள் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

பழகிய தெருவில் வழி தவறுவது, சில்லறை எண்ணத் தடுமாறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது இருந்தால் படிப்பு பிறகு. முதலில் நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் போங்கள்.

2. எதில் சேருவது

கைப்பேசியில் மூளைப் பயிற்சி விற்கும் செயலிகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். லுமாசிட்டி என்ற புகழ்பெற்ற செயலியை நடத்தும் நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற ஆதாரமில்லாத விளம்பரங்களுக்காக 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. விளையாடுங்கள், பாதகமில்லை. காசு மட்டும் வேண்டாம்.

உங்கள் முன் உள்ள கதவுகளைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழிலேயே சான்றிதழ் முதல் பட்டம் வரை பாடம் வைத்திருக்கிறது. அதன் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். கணினியில் கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஐ.ஐ.டி.க்கள் இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகள் பெரும்பாலும் 8 அல்லது 12 வாரம். வீடியோ பார்க்கவும் வாராந்தரக் கேள்விகளுக்கு விடை எழுதவும் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும், அதற்கு 1,000 ரூபாய். வாராந்தரக் கேள்விகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஒரு முழுப் பட்டத்தில் குதிக்கும் முன் உடம்பும் மனசும் தாங்குமா என்று பார்க்க இது நல்ல சோதனை. நான் இதைச் செய்யாமல் நேரே எம்.ஏ.வில் குதித்தேன், அது அதிகப்பிரசங்கித்தனம்.

பட்டமே வேண்டும் என்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வயது வரம்பு இல்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. எம்.ஏ.வைக் குறைந்தது இரண்டு ஆண்டில் முடிக்கலாம், நான்கு ஆண்டு வரை இழுக்கலாம். அங்கே பெரும்பாலான படிப்புகளில் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான். தமிழில் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டிவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே எழுத வேண்டுமென்றால் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அல்லது மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி. எதுவானாலும் அந்த ஆண்டு, அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். "ஒரே வருடத்தில் டிகிரி வாங்கித் தருகிறோம், சார்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

நேரக் கணக்கையும் இப்போதே போடுங்கள். இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. எம்.ஏ.வில் ஆண்டுக்கு 32 கிரெடிட் என்றால் 960 மணி நேரம், நாளுக்கு இரண்டரை மணிக்கும் சற்று மேல். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மத்தியானம் கூப்பிட்டு வரும் வீட்டில் அது நடக்குமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

3. பெயர், இனிஷியல், பிறந்த தேதி

பெரும்பாலானோர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். சேர்க்கை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, ஜனவரிச் சேர்க்கை என்றால் அக்டோபரிலேயே, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பட்டச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்திரம் சரிபார்க்கிற மாதிரி விரலை வைத்துப் பாருங்கள்.

பெண்களுக்கு இனிஷியல். பள்ளியில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல். ஆதார், வங்கி, பான், ஓய்வூதியம் எல்லாம் பின்னதில் ஓடிக்கொண்டிருக்கும். படிப்புக்காக ஆதாரை மாற்றி, நடந்துகொண்டிருக்கும் ஓய்வூதியத்தில் கை வைக்காதீர்கள். திருமணப் பதிவுச் சான்றிதழையும், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் போட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைப்பதே உத்தமம்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், பதிவு அலுவலகத்திலேயே காலத்தை ஓட்டிய நான் என் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. 1983இல் யார் செய்தார்கள்? நாற்பத்தோரு ஆண்டு கழித்துக் கல்யாணப் பத்திரிகையைத் தேடினோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே ஒரே ஒரு பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் தடவிய மூலையைப் பூச்சி அரித்திருந்தது. தேதி நல்லவேளையாகத் தப்பியிருந்தது. சாட்சிக்கு ஆள் தேடினால், கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. கடைசியில் என் நாத்தனாரும் கணவரின் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். இளம் எழுத்தர் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எப்போது கல்யாணம், அம்மா?" என்று கேட்டார். சார்பதிவாளர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. கட்டணம் பெரிதல்ல, அலைச்சல்தான்.

ஆண்களுக்கு வேறு தொல்லை. ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதியிருப்பார்கள். அது பெயருக்கு முன்னே இருக்கும், அல்லது பின்னே இருக்கும். 'சுப்பிரமணியன்' போன்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஒய்' விழுந்திருக்கும், அல்லது விழுந்திருக்காது. இப்படிச் சின்னப் பிழை என்றால் ஆதாரைத் திருத்திவிடலாம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

பிறந்த தேதியைப் பற்றி நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகத்தில் ஒன்று, தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்தது இன்னொன்று. படிப்பு விஷயத்தில் பள்ளித் தேதிதான் தேதி.

இன்னொன்று. 1978க்கு முன் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பிளஸ் டூ கிடையாது. பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. விண்ணப்பத்தில் பிளஸ் டூ என்று கேட்கும் கட்டத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். 'அதற்கு இணையானது' என்ற இடத்தில் பி.யு.சி.யைப் போடலாம். அந்த மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், நகல் வாங்குவதற்கென்றே தனியாகச் சில மாதம் ஒதுக்குங்கள்.

4. ஏ.பி.சி. எண், டெப் எண்

யு.ஜி.சி. விதிப்படி, திறந்தநிலையில் சேர, அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் எண் வேண்டும். அதற்கு முன், நம் படிப்புக் கணக்கை வைத்திருக்கும் ஏ.பி.சி. எண் வேண்டும், இப்போது அதை அபார் என்றும் சொல்கிறார்கள். ஏ.பி.சி. எண்ணை அரசின் டிஜிலாக்கர் செயலி வழியாகவும், டெப் எண்ணை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வித் தளத்திலும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் காசு இல்லை.

சிக்கல் ஓ.டி.பி.யில். என் ஆதாரில் இருந்தது வெளியூரில் இருக்கும் மகனின் எண். அவனுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவான். ஓ.டி.பி. அவன் தலையணைக்கு அடியில் வந்து காலாவதியாகிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் நானே ஆதார் மையத்துக்குப் போய் என் எண்ணைப் பதிந்துகொண்டேன். அப்போது கட்டணம் 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த கை என்றால் இயந்திரம் ஏற்காது. கண் கருவிழியைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். எண் மாறச் சில நாள் ஆகும்; அதனால் இதையும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

5. விண்ணப்பமும் பணமும்

ஸ்கேன் செய்ய வேண்டியவை: புகைப்படம், கையெழுத்து, வயதுச் சான்று, கல்விச் சான்றிதழ்கள், பெயர் வேறுபாட்டுக்கான ஆவணங்கள், இருந்தால் சாதிச் சான்றிதழ். இக்னோவில் படமும் கையெழுத்தும் தலா 100 கேபிக்குள், மற்றவை 200 கேபிக்குள் இருக்க வேண்டும். பழுப்பேறிய பழைய சான்றிதழைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரை கறுப்புத் திட்டாகிவிடும். வண்ணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். லாமினேஷன் செய்து வைத்திருந்தால் விளக்கு வெளிச்சம் பிரதிபலித்து நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும். சற்றுச் சாய்த்து எடுத்தால் தப்பலாம்.

பிரவுசிங் சென்டரில் செய்வதானால் உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண், நீங்கள் வைத்த கடவுச்சொல். அவசரத்தில் கடைப் பையன் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவான். அடுத்த ஆண்டு அவன் வேலையை விட்டுப் போயிருப்பான். உங்கள் ஹால் டிக்கெட் அவன் பெட்டியில் கிடக்கும். பணத்தையும் உங்கள் கணக்கிலிருந்தே கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

செலவு: கலைப் பிரிவு எம்.ஏ.க்கு இக்னோவில் ஆண்டுக் கட்டணம் பத்தாயிரத்துக்குள் அடங்கும். பதிவுக் கட்டணம் தனி. அச்சுப் புத்தகம் வேண்டாம், மின்னூல் போதும் என்றால் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. நம் வயதில் அந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். அச்சுப் புத்தகத்தில் அடிக்கோடு போடலாம், மத்தியானம் முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கலாம். கூடுதலாக, அவர்களின் இ-ஞான்கோஷ் தளத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடைக்கிறது. சேருவதற்கு முன்பே ஒரு பாடத்தை இறக்கிப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பணம் மிச்சம்.

கட்டணம் கட்டியதும் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தேர்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நான் எழுதியபோது தாளுக்கு 200 ரூபாய். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் ஆயிரத்துக்கு மேல். இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும், முதலாண்டுத் தேர்வு எழுதாவிட்டாலும்கூட. இந்த இரண்டையும் கோட்டைவிட்டு ஓர் ஆண்டை இழக்கிறவர்கள் ஏராளம். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாள்களில் இப்போதே எழுதிவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும்.

6. அசைன்மென்ட்

அசைன்மென்ட் என்பது வீட்டிலேயே விடை எழுதிக் கொடுப்பது. இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. ஜூன் தேர்வுக்கான அசைன்மென்டை ஏப்ரல் இறுதிக்குள்ளும், டிசம்பர் தேர்வுக்கானதை அக்டோபர் இறுதிக்குள்ளும் கொடுப்பது வழக்கம். நீட்டிப்பு வரும், அதை நம்பி உட்காராதீர்கள்.

கையால் எழுத வேண்டும், உங்கள் கையால். எனக்கு இது ஓர் அதிர்ச்சி. ஓய்வுக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பால் கணக்கும் வங்கிச் செலானும்தான். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் பத்தியிலேயே கட்டைவிரல் அடிப்பகுதி வலித்தது, எழுத்து வலப்பக்கம் சரிந்தது, கோடு போட்ட தாளில் வரி மேலே ஏறியது. தேர்வில் மூன்று மணி நேரத்தில் ஐந்து கட்டுரை, கட்டுரைக்கு ஐந்நூறு சொல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுரைக்கு முப்பத்தாறு நிமிடம். வயிற்றில் புளியைக் கரைத்தது.

செய்தது இதுதான். தடித்த பிடியுள்ள ஜெல் பேனா ஒன்று வாங்கினேன். தினமும் காலை ஆறு மணிக்கு, காபிக்குப் பிறகு, முந்தைய நாள் படித்த பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினேன். முதல் வாரம் பத்து நிமிடம், அப்புறம் ஐந்தைந்தாகக் கூட்டினேன். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் ஓரத்தில் குறித்தேன். தொடக்கத்தில் ஓரம் முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி மூடிவைத்து எழுதுவதுதான் தலையில் நிற்கிறது. நம் வயதில் திரும்பப் படிப்பது ஒரு மயக்கம். எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். நான்கு மாதத்தில் கை சரியானது. பால் எப்போதாவது பொங்குகிறது. ஆனால் இப்போது சோழர் உள்ளாட்சியை யோசித்துக்கொண்டிருந்ததால் பொங்குகிறது.

கேட்க ஓர் ஆளையும் தேடிக்கொள்ளுங்கள். எங்கள் தொடர்பு வகுப்பில் இருந்தவர்கள் பாதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அதில் ஒரு பெண் தினமும் இரவு எட்டரைக்குத் தொலைபேசியில், "அம்மா, இன்றைக்கு எந்த அலகு?" என்று கேட்பாள். நான் படிக்காத நாளில் அந்த அழைப்பை எடுக்கவே கூச்சமாக இருக்கும். எந்த மாத்திரையும் எனக்கு அப்படி வேலை செய்ததில்லை.

விடைகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். நேரில் கொடுத்தால் கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள்.

7. தேர்வு நாள்

பழைய கேள்வித்தாள்கள் இணையத்திலேயே இருக்கின்றன. கடைசி ஐந்து முறைக்கான தாள்களை அச்செடுங்கள்; கேள்விகள் சுற்றிச்சுற்றி வருவது தெரியும். தேர்வு மையம் எங்கே என்று ஹால் டிக்கெட்டில் பார்த்து முந்தைய நாளே ஒருமுறை போய் வாருங்கள். அறை மாடியில் என்றால் மையக் கண்காணிப்பாளரிடம் முழங்கால் வலியைச் சொல்லிக் கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்கள்.

தேர்வு காலை 10 முதல் 1 வரை, அல்லது மதியம் 2 முதல் 5 வரை. ஹால் டிக்கெட், பல்கலைக்கழக அடையாள அட்டை, ஆதார், பேனா நான்கு. படிக்கும் கண்ணாடியோடு தூரப் பார்வைக் கண்ணாடியும் வேண்டும். கரும்பலகையில் எழுதும் நேரம் அதில்தான் தெரியும். காது மெஷின் போடுகிறவர்கள் தொடங்குவதற்கு முன்பே கண்காணிப்பாளரிடம் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ப்ளூடூத் என்று சந்தேகப்படுவார்கள். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையையும் இரண்டு பிஸ்கட்டையும் மேசைமேல் வைக்க அனுமதி கேட்டுவிடுங்கள்.

காலையில் ஒரே ஒரு காபி. இரண்டாவது டம்ளர் குடித்துவிட்டுப் போய், மூன்றாவது கட்டுரையின் நடுவில் எழுந்து, துணைக்கு ஒரு கண்காணிப்பாளரையும் அழைத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் இருந்த கழிப்பறை வரை நடந்து திரும்பியதில் எனக்குப் பதினொரு நிமிடம் போனது.